"புரியல சார்" - ஒரு நைட் டூட்டியும் ஒரு நீல வெளிச்சமும்

நீளமான இழை. மஞ்சள் காமாலையில ஆரம்பிச்சு குவாண்டம் இயற்பியல் வரைக்கும் போகும். வீட்ல பிளஸ் டூவோ காலேஜோ படிக்கிற பிள்ளை இருந்தா பொறுமையா கடைசி வரைக்கும் வாங்க.

நான் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில வேலை பார்க்குற எம்.பி.பி.எஸ். டாக்டர். இயற்பியல் வாத்தியார் கிடையாது. அதனால தப்பு இருந்தா வாத்தியார்கள் வந்து திருத்துங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

போன வருஷம் ஒரு நைட் டூட்டி. மணி ரெண்டு இருக்கும். லேபர் வார்டுல ரெண்டு பிரசவம் முடிஞ்சு, பச்சிளம் குழந்தைகள் அறையில ஒரு ரவுண்டு பார்த்துட்டு, டீ குடிக்கலாம்னு வெளிய வந்தேன்.

கண்ணாடி ஜன்னல் பக்கத்துல ஒரு பையன் நின்னுக்கிட்டிருந்தான். பத்தொன்பது வயசு இருக்கும். உள்ள லைட்டுக்குக் கீழ படுத்திருந்த குழந்தையையே பார்த்துக்கிட்டிருந்தான். பிறந்து நாலு நாள் ஆன பெண் குழந்தை. பிலிருபின் 18. கண்ணுக்குக் கட்டு போட்டு, நீல வெளிச்சத்துல வச்சிருந்தோம்.

"நீ யாருப்பா பாப்பாவுக்கு?"

"தாய்மாமன் சார்."

சொன்னதுல ஒரு பெருமை இருந்தது. பின்னாடி ஸ்டீல் பெஞ்சுல ஒரு லாங் சைஸ் நோட்டு, ஒரு தடி இங்கிலீஷ் புக்கு, ஒரு துண்டு. ராத்திரி முழுக்க அங்கதான் இருப்பான்போல.

"பயப்படாத. ரெண்டு நாள்ல மஞ்சள் இறங்கிடும்"னு வழக்கமா சொல்றதைச் சொல்லிட்டு நடந்தேன்.

"சார், ஒரு டவுட். ஏன் நீல லைட்டு?"

"மஞ்சளை அதுதான் குறைக்கும்."

"அது சரி சார். நல்ல பவரா ஒரு சிவப்பு லைட்டு போட்டா குறையாதா?"

நின்னுட்டேன்.

இந்த வேலைக்கு வந்த நாளா எத்தனையோ குழந்தைகளை லைட்டுக்குக் கீழ வச்சிருக்கேன். எத்தனையோ பேர் என்னென்னவோ கேட்டிருக்காங்க. "கண்ணு போயிடுமா டாக்டர்?", "குழந்தை கறுத்துடுமா டாக்டர்?", "வெயில்ல காட்டினா பத்தாதா டாக்டர்?" இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கிட்டதில்லை.

தெரிஞ்சதைச் சொன்னேன். பிலிருபின் மஞ்சளா தெரியுறதுக்குக் காரணமே அது நீல வெளிச்சத்தை உள்ள இழுத்துக்குறதுதான். அப்படி இழுத்துக்கிட்டா அந்த மூலக்கூறோட வடிவம் மாறும். மாறின பிறகு கல்லீரல் பெருசா கஷ்டப்படாமலே பித்தநீர் வழியாவும் சிறுநீர் வழியாவும் வெளியேத்திடலாம். சிவப்பை அது இழுத்துக்காது.

தலையாட்டினான். அப்புறம் மெதுவா கேட்டான்.

"ஏன் சார் இழுத்துக்காது? கொஞ்சம் கொஞ்சமா வாங்கிச் சேர்த்து வச்சு, போதுமான அளவு வந்ததும் மாறிக்கலாமே?"

எனக்குப் பதில் தெரியல.

"என்னப்பா படிக்கிற?"

"பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் சார். ரெண்டாம் வருஷம்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா விட்டுடப் போறேன். திங்கக்கிழமை டி.சி. கேட்டு எழுதிக் குடுக்கணும். மச்சான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில சேர்த்துவிடுறேன்னு சொல்லியிருக்காரு."

"ஏன்?"

"குவாண்டம் புரியல சார். ரெண்டு பேப்பர் அரியர். எனக்கெல்லாம் மண்டையில ஏறாது சார்."

நம்புங்க, இதைச் சொன்னவன்தான் ரெண்டு நிமிஷம் முன்னாடி என்னை அந்தக் கேள்வி கேட்டவன்.

பனியன் கம்பெனி வேலை ஒண்ணும் கேவலம் கிடையாது. எங்க அப்பாவே மில் தொழிலாளிதான். இஷ்டப்பட்டுப் போனா கைதட்டி அனுப்பலாம். ஆனா இவன் "நான் முட்டாள்"னு நம்பிக்கிட்டு அங்க போறான். அதுதான் உறுத்துச்சு.

ரெண்டு டீ வாங்கி வரச் சொல்லிட்டு பெஞ்சுல உக்காந்தேன். நோட்டைப் பிரிச்சேன்.

ஒளிமின் விளைவு. பிளஸ் டூவுல நாம எல்லாரும் படிச்சதுதான். உலோகத் தகடு மேல வெளிச்சம் பட்டா எலக்ட்ரான் வெளிய வரும். அந்தப் பக்கத்தோட ஓரத்துல பென்சில்ல தமிழ்ல எழுதியிருந்தான்: "சிவப்பு ஒளியை அதிக நேரம் காட்டினால் ஏன் வராது?"

வகுப்புல கேட்டானாம். பசங்க சிரிச்சாங்களாம். "போர்ஷன் முடிக்கணும், புக்ல இருக்குறதைப் படிச்சு எழுது"ன்னு சொல்லிட்டாங்களாம். அந்த ஆசிரியரை நான் குறை சொல்லல. நூத்தம்பது பேர் நிக்கிற ஓ.பி.யில நான் எத்தனை கேள்விக்கு நின்னு பதில் சொல்றேன்னு எனக்கே தெரியும்.

இப்போ என் கதை. சொல்லவே கூச்சமா இருக்கு.

நான் பிளஸ் டூ படிச்ச காலத்துல மெடிக்கல் சீட்டுக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மார்க்கை வச்சு 200-க்கு கட் ஆஃப். உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அரை மார்க் போனாலும் சீட் போயிடும். அதனால இயற்பியலை அட்சரம் பிசகாம மனப்பாடம் பண்ணேன். ஐன்ஸ்டீனின் ஒளிமின் சமன்பாடு, டி பிராய் அலைநீளம், எல்லாம் முற்றுப்புள்ளி உட்பட. மார்க் வந்தது. சீட்டும் வந்தது.

அந்த ராத்திரி அவன் நோட்டைப் பார்த்தப்போ எல்லா வரியும் ஞாபகம் வந்தது. ஒரு வரியோட அர்த்தமும் தெரியல.

எங்க துறையில சொல்லுவோம். சுகரும் பிரஷரும் ஆபத்தானதே அறிகுறி இல்லாம இருக்குறதாலதான். வலிச்சா ஓடி வருவாங்க, வலிக்காது, வர மாட்டாங்க. எனக்கும் அந்தப் பையனுக்கும் ஒரே வியாதி. அவனுக்கு வலிச்சது, எனக்கு வலிக்கல. அதனால நான் பாஸ், அவன் அரியர்.

சரி. டாக்டரா நமக்குத் தெரிஞ்ச ஒரே வழியில போவோம்னு ஆரம்பிச்சேன்.

தலைவலின்னு பத்து பேர் வந்தா பத்து பேருக்கும் ஒரே காரணமா இருக்காது. ஒருத்தருக்குக் கண்ணாடி மாத்தணும், ஒருத்தருக்கு சைனஸ், ஒருத்தருக்கு பிரஷர், ஒருத்தருக்குத் தூக்கம் இல்லை. தலைவலி ஒரு அறிகுறி மட்டும்தான்.

"புரியல"ங்கறதும் அப்படித்தான். அது அறிகுறி. "மண்டையில ஏறாது"ங்கறது அவனே அவனுக்கு எழுதிக்கிட்ட சீட்டு. பரிசோதனையே பண்ணாம எழுதின சீட்டு.

"எது வரைக்கும் புரிஞ்சுது? அங்கிருந்து சொல்லு"ன்னேன்.

முதல் விஷயம் பத்து நிமிஷத்துல வெளிய வந்தது. பையன் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் வழி. காலேஜ்ல எல்லாம் இங்கிலீஷ்.

"ஒர்க் ஃபங்ஷன்னா என்ன?"ன்னு கேட்டேன்.

"ஃபங்ஷன்னா சார்பு தானே சார்? கணக்குல வர்ற எஃப் ஆஃப் எக்ஸ் மாதிரி. எதோட சார்புன்னுதான் தெரியல."

"வெளியேற்று ஆற்றல்னா?"

"உலோகத்துல இருந்து ஒரு எலக்ட்ரானை வெளிய எடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்." டக்குனு வந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்டா தம்பி."

அவன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. ஒன்றரை வருஷமா யாரும் சொல்லலை.

ஓ.பி. சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பத்தி போட்டோம். இடது பக்கம் அவனுக்குத் தெரிஞ்ச தமிழ், வலது பக்கம் புக்குல இருந்த இங்கிலீஷ். பயன்தொடக்க அதிர்வெண், த்ரெஷோல்ட் ஃப்ரீக்வென்சி. நிறுத்து மின்னழுத்தம், ஸ்டாப்பிங் பொட்டன்ஷியல். கரும்பொருள், பிளாக் பாடி. (எங்களுக்கு பாடின்னாலே மார்ச்சுவரிதான். அதுக்கு ரெண்டு பேரும் சிரிச்சோம்.) பத்து வார்த்தை எழுதினோம். ஏழு அவனுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருந்தது. வேற பேர்ல.

ரெண்டாவது, கணக்கு. வகைக்கெழுச் சமன்பாடுகள்ல அவனுக்கு அடித்தளம் பத்தல. அதை அவனே ஒத்துக்கிட்டான். அதுக்கு என்கிட்ட மருந்து இல்லை. அது பிசியோதெரபி மாதிரி, தினமும் செஞ்சாதான் சரியாகும். அதை அப்படியே சொன்னேன்.

மூணாவதுதான் அந்த பென்சில் கேள்வி. அதுக்கு ரெண்டு பேருமா உக்காந்தோம்.

புக்கு சொல்றது இதுதான். ஒரு வெளிச்சத்தோட அலைநீளம் தெரிஞ்சா, அதுல ஒரு ஃபோட்டானுக்கு எவ்வளவு ஆற்றல்னு கண்டுபிடிக்கலாம். 1240-ஐ நானோமீட்டர்ல உள்ள அலைநீளத்தால வகுத்தா எலக்ட்ரான் வோல்ட்ல விடை வரும்.

"உள்ள இருக்குற லைட்டு எத்தனை நானோமீட்டர் சார்?"

"460 பக்கம்."

போட்டான். 2.7.

"சிவப்பு 650-ன்னு வச்சுக்கோ."

1.9.

கொஞ்ச நேரம் ரெண்டு நம்பரையும் பார்த்துக்கிட்டே இருந்தான். அப்புறம் அவன்தான் சொன்னான், நான் இல்லை.

"சார், எங்க ஊர்ல அஞ்சு ரூபா காயின் போட்டா தண்ணி வர்ற மெஷின் இருக்கு. ஒத்த ரூபா காயின் போட்டா எடுத்துக்காது, அப்படியே கீழ விழுந்துடும். அஞ்சு ஒத்த ரூபா போட்டாலும் தண்ணி வராது. மூட்டையா கொட்டினாலும் வராது. அப்படியா சார்?"

அப்படித்தான்.

ஒளி, ஆற்றலைக் காசு காசாத்தான் குடுக்கும். ஒரு காசு, ஒரு மூலக்கூறு. நீலம் அஞ்சு ரூபாய் காசு, சிவப்பு ஒத்த ரூபாய் காசு. சிவப்பு லைட்டைப் பிரகாசமாக்கினா காசோட எண்ணிக்கைதான் கூடும், காசோட மதிப்பு கூடாது. சேர்த்து வைக்கவும் முடியாது. சாதாரண வெளிச்சத்துல, ரெண்டாவது காசு வந்து சேர்றதுக்குள்ள முதல் காசு கீழ விழுந்துடும்.

பத்து ரூபாய் காசு போட்டா மெஷின் அஞ்சு எடுத்துக்கிட்டு மீதியைத் திருப்பிக் குடுக்குதுன்னு வச்சுக்கோங்க. அந்த மீதிதான் வெளிய வர்ற எலக்ட்ரானோட இயக்க ஆற்றல். ஐன்ஸ்டீன் 1905-ல எழுதின சமன்பாடு சொல்றது அவ்வளவுதான். வந்த காசு, கழித்தல் டிக்கெட், சமம் சில்லறை. நான் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கின வரி.

காசோட எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லையான்னா, இருக்கு. நீலக் காசா இருந்தா, எத்தனை காசு விழுதோ அத்தனை குடம் தண்ணி. அதனாலதான் நாங்க லைட்டைக் குழந்தைக்குக் கிட்ட வைக்கிறோம், உடம்புல முடிஞ்ச அளவு வெளிச்சம் படுற மாதிரி துணியில்லாம படுக்க வைக்கிறோம். நிறம் சரியா இருக்கணும், அப்புறம்தான் பிரகாசம்.

(இயற்பியல்காரங்க அடிக்க வர்றதுக்குள்ள சொல்லிடுறேன். உலோகத்துல எலக்ட்ரான் வெளிய வரும். பிலிருபின்ல எதுவும் வெளிய வராது, மூலக்கூறு வடிவம்தான் மாறும். ரெண்டும் வேற வேற நிகழ்வு. காசுக் கணக்கு மட்டும்தான் பொது.)

இதுல உங்களுக்கும் ஒரு பிரயோஜனம் இருக்கு. அடுப்புப் பக்கத்துல உக்காந்தா வேர்க்கும், வெயில்ல வர்ற மாதிரி தோல் உரியாது. ஊட்டியில குளிர்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நடந்தாலும் முகம் கறுத்துடும். காரணம், மேல போகப் போக அதிகமாகுற புற ஊதாக் கதிர். அது பெரிய காசு. எக்ஸ்ரே அதைவிடப் பெரிய காசு, அதனாலதான் டெக்னீசியன் ஈய ஏப்ரன் போடுறார். செல்போன் அலை ரொம்ப ரொம்பச் சின்னக் காசு. அதோட ஒரு ஃபோட்டானுக்கு டி.என்.ஏ. பிணைப்பை உடைக்கிற சக்தி கிடையாது.

மணி மூணே கால். சிஸ்டர் வந்து எட்டிப் பார்த்துட்டு, "என்ன சார், டியூஷனா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

அப்போதான் அவன் அடுத்ததைக் கேட்டான்.

"காசு புரிஞ்சுது சார். ஆனா பிளஸ் டூவுலயே யங் இரட்டைப் பிளவுச் சோதனை படிச்சோம். ஒளி அலைன்னு அதுல நிரூபிச்சாங்க. அலைன்னா பரவிப் போறது. காசுன்னா ஒரு இடத்துல விழுறது. ரெண்டும் எப்படி சார் ஒண்ணா இருக்க முடியும்?"

"தெரியாது தம்பி"ன்னேன்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவன் தோள் இறங்கினதை என் கண்ணால பார்த்தேன். ஏமாற்றத்துல இல்லை. நிம்மதியில. ஒரு டாக்டருக்கே தெரியல, அப்போ தனக்குத் தெரியாதது குற்றம் இல்லைன்னு.

"யாருக்குமே புரியாதுப்பா, விடு"ன்னு நான் சொல்லலை. ஆறுதலுக்காகச் சொல்ற அந்த வார்த்தை கதவைச் சாத்துற வார்த்தை. அதை வச்சு ஆயிரக்கணக்கானவங்க துல்லியமா கணக்குப் போட்டு எம்.ஆர்.ஐ. மெஷின் வரைக்கும் செஞ்சிருக்காங்க. இதுல புரிஞ்சுக்க வேண்டியது நிறைய இருக்கு, புரிஞ்சுக்க முடியும். கண்ணுக்கு முன்னாடி படமா வர மறுக்குறதுதான் பிரச்சினை.

அவனுக்காக அடுத்த ரெண்டு நாள் தேடிப் படிச்சேன். எனக்கே ஆச்சரியமா இருந்த சில விஷயங்கள்.

1900-ல இந்தக் காசுக் கணக்கை முதல்ல ஆரம்பிச்சு வச்சவர் மாக்ஸ் பிளாங்க். ஒளியே காசு காசாத்தான் இருக்குங்கறதை அவரே நம்பல. 1913-ல பிரஷ்ய அறிவியல் அகாடமிக்கு ஐன்ஸ்டீனைப் பரிந்துரை பண்ணி அவரும் மத்தவங்களும் சேர்ந்து எழுதினப்போ, ஒளித்துகள் விஷயத்துல இவர் குறி தவறியிருக்கலாம், அதைப் பெருசா எடுத்துக்காதீங்கங்கற அர்த்தத்துல ஒரு வரி சேர்த்தாங்க. அதாவது, பிளாங்க்குக்கே ஐன்ஸ்டீன் சொன்னது ஒத்துப் போகல.

அமெரிக்காவுல ராபர்ட் மில்லிகன். ஒளி அலைதான், இந்தக் காசுக் கதை தப்புங்கற நம்பிக்கையோட வருஷக்கணக்கா சோதனை பண்ணினார். 1916-ல முடிவை வெளியிட்டார். ஐன்ஸ்டீன் சமன்பாடு கோடு போட்ட மாதிரி அப்படியே பொருந்துச்சு. அப்பவும் சமன்பாடு சரி, அதுக்குச் சொல்ற விளக்கம் ஏத்துக்க முடியாதுன்னே எழுதினார். சொந்தக் கையால சரின்னு நிரூபிச்சவருக்கே மனசு ஒப்பல.

நம்ம பக்கத்துல சத்யேந்திர நாத் போஸ். 1924-ல டாக்கா பல்கலைக்கழக ஆசிரியர், வயசு முப்பது. பிளாங்க் விதியை மாணவர்களுக்கு நடத்தும்போது புத்தகத்துல இருந்த வருவித்தல் அவருக்குத் திருப்தியாவே இல்லை. தானே வேற வழியில போட்டுப் பார்த்து ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் தானே அதை ஜெர்மன்ல மொழிபெயர்த்து வெளியிட வச்சார். இன்னைக்கு உலகத்துல ஒரு வகைத் துகள்களுக்கே போசான்னு பேர். அந்தப் பேர் அவர்கிட்ட இருந்து வந்தது. புத்தகம் சொன்னதைப் படிச்சு எழுதிட்டுப் போகாம, இது எனக்கு ஒட்டலையேன்னு நின்ன ஒரு வாத்தியார்.

அந்த நீல லைட்டுக் கதையே அப்படித்தான். இங்கிலாந்துல எசெக்ஸ்ல ரோச்ஃபோர்டுங்கற ஊர் மருத்துவமனை. 1956. குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கிட்ட சிஸ்டருக்குப் பேரே வார்டு. வெயில் நல்லா அடிச்ச நாள்கள்ல குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய் வைப்பாங்க. ஒரு நாள், ஒரு குழந்தைக்குத் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளா இருந்து, மத்த இடம் வெளுத்திருந்ததைக் கவனிச்சு டாக்டர்கள்கிட்ட காட்டினாங்க. அங்கிருந்த டாக்டர்கள் தொடர்ந்து ஆராய்ஞ்சு 1958-ல கட்டுரை வெளியிட்டாங்க. "ஏன் இந்த இடம் மட்டும்?"னு கேட்ட ஒரு நர்ஸ்கிட்ட இருந்து ஆரம்பிச்சதுதான் நாம இன்னைக்கு ஊர் ஊருக்குப் போடுற லைட்டு.

(உடனே குழந்தையை வெயில்ல வச்சுடாதீங்க. வெயில்ல அளவு தெரியாது, தோல் சுடும், உடம்புச் சூடு ஏறும் இறங்கும், வைத்தியம் தள்ளிப் போகும். பிறந்த முதல் 24 மணி நேரத்துல மஞ்சள் தெரிஞ்சாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் வந்தாலோ, குழந்தை பால் குடிக்காம சோர்ந்து தூங்கிக்கிட்டே இருந்தாலோ நேரா மருத்துவமனைக்கு வாங்க. முத்திப்போனா மூளையைப் பாதிக்கும்.)

மூணாம் நாள் பாப்பாவுக்கு பிலிருபின் 11. டிஸ்சார்ஜ் எழுதினேன். அவன்தான் பையைத் தூக்கிக்கிட்டு நின்னான். நான் படிச்சதை ஒரு தாள்ல எழுதி வச்சிருந்தேன், குடுத்தேன். பிளாங்க், மில்லிகன், போஸ் மூணு பேரும் அதுல இருந்தாங்க. கீழ ஒரு வரி: "டி.சி. வாங்குறது உன் இஷ்டம். ஆனா முட்டாள்ங்கற காரணத்துக்காக வாங்காத. அந்தக் காரணம் டெஸ்ட்ல நெகட்டிவ்."

அந்தத் தாளை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டான். "சரிங்க சார்"னு மட்டும் சொன்னான். என்ன முடிவு பண்ணுவான்னு எனக்குத் தெரியல.

இதுக்கு அடுத்த வாரம் நடந்ததைச் சொன்னாதான் இந்தப் பதிவு நேர்மையா இருக்கும்.

ஓ.பி.யில நான் வழக்கமா பார்க்குற ஒரு பெரியவரை மயக்க நிலையில ஆட்டோவுல கொண்டுவந்தாங்க. சுகர் 38. குளுக்கோஸ் ஏத்தினதும் எழுந்து உக்காந்துட்டார். விசாரிச்சா, புதுசா நான் எழுதிக் குடுத்த சுகர் மாத்திரையை விடியக்காலம் அஞ்சு மணிக்கே போட்டுட்டு வயலுக்குப் போயிருக்கார். பதினோரு மணி வரைக்கும் ஒண்ணும் சாப்பிடலை.

"ஐயா, சாப்பாட்டுக்கு முன்னாடின்னு தானே சொன்னேன்?"

"நீங்க வெறும் வயித்துலன்னு சொன்னீங்க தம்பி. அதான் வயித்தை வெறுமையாவே வச்சிருந்தேன்."

அவர் மேல ஒரு தப்பும் இல்லை. நான் அப்படித்தான் சொல்லியிருக்கேன். சொல்லிட்டு, "புரிஞ்சுதாய்யா?"ன்னு கேட்டிருப்பேன். அவர் தலையாட்டியிருப்பார். நான் அடுத்த சீட்டை எடுத்திருப்பேன்.

பிளஸ் டூவுல நான் ஆட்டின அதே தலையாட்டல். இந்தத் தடவை ஒரு உயிர் போயிருக்கும்.

அன்னையில இருந்து "புரிஞ்சுதா?"ன்னு கேக்குறதை விட்டுட்டேன். அதுக்கு எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. "வீட்டுக்குப் போய் மாத்திரையை எப்படிப் போடுவீங்க, எனக்குச் சொல்லுங்க பார்ப்போம்"னு கேக்குறேன். ஒரு ஆளுக்கு அரை நிமிஷம் கூடுது. ஓ.பி. கொஞ்சம் லேட்டா முடியுது. ஆனா பத்து பேர்ல ரெண்டு மூணு பேர் நான் சொன்னதை வேற மாதிரிதான் திருப்பிச் சொல்றாங்க. இத்தனை வருஷமா அவங்க எல்லாம் தலையாட்டிட்டுப் போயிருக்காங்கன்னு நினைச்சா வயித்தைக் கலக்குது.

பையன் கதைக்கு வர்றேன்.

ஏழு மாசம் கழிச்சு ஒரு மெசேஜ். பாப்பா தவழுற போட்டோ. கீழ, "சார், ஒரு அரியர் கிளியர். 43 மார்க். இன்னொண்ணு கணக்கு, இன்னும் இருக்கு. டி.சி. வாங்கல."

43 மார்க்தான். பல்கலைக்கழக முதலிடம்னு எழுதினா இந்தப் பதிவு இன்னும் நல்லா ஓடும். ஆனா 43-தான். என் பிளஸ் டூ மார்க்கைவிட அது நேர்மையான மார்க்குன்னு எனக்குத் தெரியும்.

அடுத்த மெசேஜ் உடனே வந்தது.

"சார், எலக்ட்ரானை ஒண்ணு ஒண்ணா அனுப்பினாலும் கடைசியில திரையில பட்டை பட்டையா அலை மாதிரிதான் விழுதாம். ஜப்பான்ல டோனோமுரான்னு ஒருத்தர் குழு 1989-ல படமாவே எடுத்துக் காட்டியிருக்காங்க. ஒத்தையா போற எலக்ட்ரானுக்கு ரெண்டு பிளவும் திறந்திருக்குன்னு எப்படி சார் தெரியும்?"

எனக்குத் தெரியல. ஒரு பள்ளி இயற்பியல் ஆசிரியர் நண்பருக்கு அனுப்பியிருக்கேன். அவர் "நாளைக்குச் சொல்றேன்"னு சொல்லி மூணு வாரம் ஆச்சு.

கடைசியா உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு.

உங்க பிள்ளையோ, தம்பி தங்கச்சியோ "எனக்குப் புரியல"ன்னு வந்து நின்னா, "ஒழுங்கா படிச்சா புரியும்"னு சொல்லாதீங்க. "உனக்கு இது வராது, விடு"ன்னும் சொல்லாதீங்க. வயித்து வலின்னு வந்தவங்ககிட்ட நாங்க முதல்ல கேக்குறது "எங்க வலிக்குது, தொட்டுக் காட்டுங்க". அதையே கேளுங்க. "எது வரைக்கும் புரிஞ்சுது?" உங்களுக்கு அந்தப் பாடம் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்லை. எனக்கும் தெரியாது.

புத்தகத்தோட ஓரத்துல பென்சில்ல ஏதாவது கேள்வி எழுதியிருக்கான்னும் பாருங்க. இருந்தா அழிக்க விடாதீங்க.

இயற்பியல் ஆசிரியர்கள் யாராவது படிச்சா, அந்த எலக்ட்ரான் கேள்விக்குக் கீழ எளிமையா பதில் போடுங்க. அவனுக்கு அப்படியே அனுப்பி வைக்கிறேன். காத்துக்கிட்டிருக்கான்.

நானும்தான்.

நைட் டூட்டிக்கு நேரமாச்சு.